சனிக்கிழமை சங்கதி - 17: புருவம் திருத்த 750 மணி நேரம்

போன சனிக்கிழமை மிட்-டெர்ம் பரீட்சை என்பதால் சங்கதி வரவில்லை. ஏன் வரலைன்னு ஒரே ஒரு ஜீவன்தான் விசாரிச்சுது. அது எங்க அம்மா. :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வார மேட்டர் என்னோட புருவம். ஆண் பதிவர்கள் எல்லாம் "நமக்கு இங்க வேலையில்லை"ன்னு எழுந்து போயிடாதீங்க. புருவத்துல ஆரம்பிச்சு கோர்ட், கேஸ், வெடிவிபத்துன்னு எங்கெங்கேயோ போகப்போகுது.

நான் குப்பை கொட்டுறது டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம். இந்த ஊர்ல ஒரு இந்தியன் ஸ்டோர் இருந்தா அதை ஒட்டி ஒரு த்ரெட்டிங் கடை இருக்கும். கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனா அப்படியே புருவத்தையும் திருத்திட்டு வரலாம். நான் போற கடையோட முதலாளியம்மா நேபாளத்துக்காரங்க. எல்லாருக்கும் அவங்க 'தீதி'. கடையில மூணு நாற்காலி, ஒரு குட்டி கல்லா, எந்நேரமும் பாட்டுப் பாடுற ஒரு டிவி. அவ்வளவுதான் சொத்து.

போன ஞாயித்துக்கிழமை போனா எனக்கு முன்னாடி ஆறு பேர். மூணு நாற்காலியில ஒண்ணுலதான் வேலை நடக்குது, அதுவும் தீதியே நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ரெண்டாவது நாற்காலிப் பொண்ணு ஊருக்குப் போயிருக்கு. மூணாவது நாற்காலி எங்க அக்காவோடது. அது ஜனவரியில இருந்து காலி.

அக்கான்னா கூடப்பிறந்த அக்கா இல்லை. எங்க அப்பார்ட்மெண்ட்ல எதிர் வீடு, ஈரோட்டுக்காரங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல ஒரு பார்லர்ல ஆறு மாசம் கூடமாட இருந்து தொழில் கத்துக்கிட்டு, அப்புறம் வீட்டு முன்னறையிலயே ரெண்டு கண்ணாடி மாட்டி சொந்தமா ஆரம்பிச்சவங்க. கல்யாணம் ஆச்சு, வீட்டுக்காரரோட எச்-1பி வேலைக்காக இங்க வந்தாங்க. எச்-4 விசா. அதாவது அமெரிக்காவில் வாழலாம், கார் ஓட்டலாம், கடைக்குப் போகலாம், குழந்தை பெத்துக்கலாம். சம்பாதிக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு வரிசையில ஐ-140ங்கற கட்டம் தாண்டின பிறகு வேலை அனுமதி அட்டைக்கு மனு போடலாம். அந்த அட்டை வந்த அடுத்த வாரமே தீதி கடையில நாற்காலி பிடிச்சுட்டாங்க.

அந்த அட்டை 2026 ஜனவரியில முடிஞ்சுது. புதுப்பிக்கிற மனு நவம்பர்ல போச்சு. இன்னும் பதில் இல்லை. முன்னாடி எல்லாம் புதுப்பிக்க மனு போட்ட ரசீதைக் காட்டி, விசா தேதி தாண்டாத வரைக்கும் பழைய அட்டையிலேயே 540 நாள் வரை வேலை பார்க்கலாம். 2025 அக்டோபர் 30ல இருந்து மனு போடறவங்களுக்கு அந்தச் சலுகை இல்லைன்னு மாத்திட்டாங்க. அக்கா மனு போட்டது அதுக்குச் சில நாள் கழிச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். கை அதே கை, நூல் அதே நூல், வாடிக்கையாளர் அதே ஆறு பேர். நாற்காலி மட்டும் காலி.

இதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தப்பதான் ஒரு பழைய கேஸ் ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2009 வாக்குல டெக்சாஸ் அரசோட லைசென்ஸ் துறை த்ரெட்டிங் கடைகளைப் பிடிக்க ஆரம்பிச்சுது. புருவம் திருத்தறது அழகுக்கலை. அழகுக்கலை செய்ய லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் வேணும்னா 750 மணி நேரம் அழகுக்கலைப் பள்ளியில படிச்சு பரீட்சை எழுதணும். இதுதான் கணக்கு. செலவு சில ஆயிரம் டாலர். 750 மணி நேரம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் போனாலும் நாலு மாசத்துக்கு மேல. அத்தனை மணி நேரத்துல மேக்கப், ஃபேஷியல், வேக்சிங்னு என்னென்னமோ வரும். த்ரெட்டிங்? பெரும்பாலான பள்ளிகள்ல அதைச் சொல்லியே தர்றதில்லை!

நல்லா கவனிங்க. பருத்தி நூலைத் தவிர வேற எதுவும் இல்லாத தொழில். கத்தி இல்லை, ரசாயனம் இல்லை, சூடான மெழுகு இல்லை. நம்ம ஊர்ல அத்தை சித்தியெல்லாம் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பேச்சுவாக்குல பண்ணிவிடற வேலை.

அசோக் நகர் அரட்டையா இருந்தா "என்னத்தப் பண்றது, கவர்மெண்ட்டு சொல்லிட்டான்"னு முடிஞ்சிருக்கும். இங்க அஷீஷ் படேல்ங்கறவரும் வேற சில த்ரெட்டிங்காரங்களும் அதே 2009ல அரசு மேல வழக்குப் போட்டாங்க. கீழ்க்கோர்ட்ல தோத்தாங்க. அப்பீல்லயும் தோத்தாங்க. 2015 ஜூன் 26ல டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 6க்கு 3ன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. 750ல கிட்டத்தட்ட 320 மணி நேரத்துக்கும் த்ரெட்டிங்கோட சுகாதாரம், பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை; பிழைக்க வந்தவன் மேல இவ்வளவு பாரம் ஏத்தறது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்பது சாரம். அன்னையில இருந்து இந்த மாநிலத்துல நூலுக்கு லைசென்ஸ் வேண்டாம்.

இதைவிடக் கூத்து பின்னல் கேஸ். கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையா பின்னிக்கற ஆப்பிரிக்கப் பின்னல் இருக்கே, அதைப் பின்னிவிட்ட குத்தத்துக்கு ஐசிஸ் பிராண்ட்லிங்கற பெண்மணியை 1997ல டல்லாஸ்ல கைது பண்ணாங்க. பல வருஷம் கழிச்சு 35 மணி நேரப் பயிற்சி போதும்னு விதியைத் தளர்த்தினாங்க. சரி, நானே அந்தப் பயிற்சியைச் சொல்லித்தர்றேன்னு அவங்க போனா, பள்ளி நடத்தணும்னா 2,000 சதுர அடி இடம், பத்து பேருக்கான சலூன் நாற்காலி, ரெண்டு நாற்காலிக்கு ஒரு தொட்டின்னு பட்டியல். பின்னல் பின்ன தலையைக் கழுவவே வேண்டாம் சாமி, தொட்டி எதுக்கு? 2015 ஜனவரியில ஃபெடரல் கோர்ட் இதைச் செல்லாதுன்னு சொல்லுச்சு. அதே வருஷம் சட்டசபையே பின்னலுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சட்டம் போட்டுடுச்சு.

இந்த மாதிரி விதியையெல்லாம் யார் கேக்கறாங்க? புருவம் கோணலாப் போச்சுன்னு வாடிக்கையாளர்கள் கோட்டை முன்னாடி மறியல் பண்ணி வாங்கறதில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே லைசென்ஸ் வச்சிருக்கறவங்களும், அந்தப் பாடத்தைச் சொல்லித்தர்ற பள்ளிகளும்தான் கேக்கறாங்க. அவங்களுக்கு ஆதாயம் பெருசு, சங்கம் இருக்கு, கூட்டத்துக்குப் போக ஆள் இருக்கு. நஷ்டம் யாருக்கு? நாளைக்கு இந்தத் தொழிலுக்கு வரப்போற ஒருத்திக்கு. அவ இன்னும் ஊருக்கே வந்து சேரலை, எப்படிக் கூட்டத்துக்கு வருவா? அப்புறம் புருவத்துக்கு ரெண்டு டாலர் கூடக் குடுக்கற எனக்கு. ரெண்டு டாலருக்காக யாராவது ஆஸ்டின் வரைக்கும் கார் ஓட்டிட்டுப் போவாங்களா?

இப்படியே சேர்ந்து சேர்ந்து, 2015ல ஒபாமாவோட வெள்ளை மாளிகை ஒரு அறிக்கை விட்டுச்சு. அமெரிக்காவில் வேலை பார்க்கறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல ஏதோ ஒரு லைசென்ஸ் இருந்தாத்தான் வேலை. 1950கள்ல இருந்து பார்த்தா மாநில லைசென்ஸ் வேணும்ங்கறவங்க பங்கு அஞ்சு மடங்கு ஏறியிருக்காம். ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ரெண்டு பேரும் ஒத்துக்கற அபூர்வமான விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

"அப்ப விதியே வேண்டாம், எல்லாத்தையும் தூக்கிக் கடாசுங்கறியா?"ன்னு சிலர் கையை முறுக்கறது தெரியுது. இருங்க, இருங்க. அங்கதான் எனக்கே இடிக்குது.

எங்க வீட்டு அடுப்புல குமிழ் சரியா மூடலைன்னா அழுகின முட்டை நாத்தம் வருமே, அது கேஸோட நாத்தம் இல்லை. இயற்கை எரிவாயுக்கு வாசனையே கிடையாது. வேணும்னே கலக்கறாங்க. ஏன் கலக்கறாங்கங்கற கதையும் இதே டெக்சாஸ் கதைதான். 1937 மார்ச் 18, கிழக்கு டெக்சாஸ்ல நியூ லண்டன்ங்கற ஊர். எண்ணெய்ப் பணத்துல கொழிச்ச பள்ளிக்கூடம். ஆனாலும் கேஸ் பில்லை மிச்சம் பிடிக்கலாம்னு, பக்கத்துல போன எண்ணெய்க் கம்பெனியோட கழிவு எரிவாயுக் குழாய்ல இருந்து இணைப்பு எடுத்துக்கிட்டாங்க. எங்கேயோ கசிஞ்சு கட்டடத்துக்கு அடியில சேர்ந்துச்சு. வாசனை இல்லாததால யாருக்கும் தெரியலை. சாயங்காலம் பள்ளி விடப்போற நேரம், பட்டறை வகுப்புல ஒரு மெஷினைப் போட்டிருக்காங்க. ஒரு பொறி. ஏறக்குறைய 300 பேர் செத்துட்டாங்க. பெரும்பாலும் குழந்தைங்க.

அதே வருஷம் டெக்சாஸ் ரெண்டு விதி போட்டுச்சு. ஒண்ணு, எரிவாயுல நாத்தம் கலக்கணும். இன்னொண்ணு, லைசென்ஸ் இல்லாதவன் பொறியாளர்னு சொல்லிக்கிட்டு வேலை செய்யக் கூடாது. நான் படிக்கிறது சிவில் இன்ஜினியரிங். அப்படின்னா நான் ராத்திரி கண்முழிச்சுப் படிக்கறதே அந்த ரெண்டாவது விதியோட லைசென்ஸை என்னைக்காவது ஒரு நாள் வாங்கத்தான். பின்னல் பின்ன லைசென்ஸா, அக்கிரமம்னு கத்தறவ கையில நாளைக்கு ஒரு லைசென்ஸ் இருக்கும். அன்னைக்கு எனக்குப் பின்னாடி வர்றவளுக்கு இன்னும் ஒரு பரீட்சை சேர்க்கலாம்னு எங்க சங்கம் தீர்மானம் போட்டா நான் கையைத் தூக்குவேனா, தூக்க மாட்டேனா? சத்தியமா சொல்லத் தெரியலை. ஏணியில ஏறினவங்க எல்லாரும் ஒரு காலத்துல தரையில நின்னவங்கதானே.

அதனால நானே எனக்கு மூணு கேள்வி வச்சுக்கிட்டேன். ஒரு விதியைப் பார்த்தா, முதல்ல, இது தடுக்க நினைக்கிற கேடு என்ன? ரெண்டாவது, இந்த விதி அந்தக் கேடு மேல நேரா கை வைக்குதா? மூணாவது, இதோட பில்லை யார் கட்டறாங்க, அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

எரிவாயுல நாத்தம்: கேடு, 300 உயிர். விதி அது மேல நேரா கை வைக்குது. செலவு எல்லார் பில்லுலயும் துளித்துளியா. பாஸ். பின்னலுக்குத் தொட்டி: கேடு என்னன்னே தெரியலை. பில் கட்டினது ஒரு பெண்மணி, கிட்டத்தட்ட இருபது வருஷம் கோர்ட்டும் கச்சேரியுமா. ஃபெயில்.

சரி, அக்காவோட அட்டை? அரசு சொன்ன காரணம், ஒவ்வொரு தடவையும் பின்னணிச் சோதனையை முடிச்சுட்டுத்தான் வேலை அனுமதியை நீட்டிக்கணும்ங்கறது. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அக்கா ஆபத்தானவங்கன்னா வீட்டுல உட்கார்ந்திருந்தாலும் ஆபத்துதானே? அவங்க இந்த ஊர்ல இருக்கலாம், நடமாடலாம். நூலைத் தொட்டுக் காசு வாங்கறது மட்டும்தான் நின்னுருக்கு. சோதனை பண்ணட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? சோதனைக்காரர் மேசையில கோப்பு தூங்கற நாளுக்கெல்லாம் சம்பளத்தை இவங்க ஏன் இழக்கணும்?

இதை வகுப்புல ஒரு அமெரிக்க நண்பன்கிட்ட சொன்னேன். அவன், "வேலை அனுமதிங்கறது விருந்தாளிக்குக் குடுக்கற சலுகை, உரிமை இல்லையே"ன்னான். அவன் அம்மா வேலை பார்த்த ஃபேக்டரியை மூடினப்போ எந்த 540 நாளும் யாரும் தரலையாம். எனக்கு உடனே பதில் வரலை. அவன் கோபமும் நிஜம்தான். ஆனா அக்கா நாற்காலி காலியானதால எந்த உள்ளூர்ப் பொண்ணுக்கும் அந்த வேலை போய்ச் சேரலை. தீதி மூணு மாசமா 'ஆள் தேவை' அட்டை தொங்கவிட்டிருக்காங்க. இதை அவன்கிட்ட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். நமக்கு எப்பவுமே பதில் பஸ் போன பிறகுதானே வரும்.

இன்னொரு தமாஷ் தெரியுமா? எச்-4காரங்களுக்கு வேலை அனுமதி குடுத்த விதி அமலுக்கு வந்தது 2015 மே 26. த்ரெட்டிங் தீர்ப்பு ஜூன் 26. சரியா ஒரு மாச இடைவெளியில ரெண்டு பூட்டு திறந்துச்சு. அக்கா தொழிலுக்கு ரெண்டு சாவியும் வேணும். ஒண்ணு கோர்ட் குடுத்தது, அதை எடுக்கணும்னா மறுபடி கோர்ட்டு, சட்டசபைன்னு போகணும். இன்னொண்ணு விதியா வந்தது, ஒரு அறிவிப்புல பாதி போச்சு. சுதந்திரம் எங்க எழுதி வச்சிருக்குங்கறது எவ்வளவு முக்கியம் பாருங்க.

கடைசியா என் கதை. எனக்கு பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வாரம் 20 மணி நேர வேலை இருந்துச்சு. எஃப்-1 மாணவருக்கு செமஸ்டர் நடக்கும்போது அதுதான் உச்சவரம்பு, அதுவும் வளாகத்துக்குள்ள மட்டும். மழைநீர் வடிகால் பத்தின திட்டம், மத்திய அரசுப் பணம். 2025ல ஆராய்ச்சி நிதிகளை வரிசையா நிறுத்தினாங்களே, அதுல எங்க பேராசிரியர் திட்டமும் ஒண்ணு. ஒரு திங்கட்கிழமை மெயில் வந்துச்சு, அவ்வளவுதான். அரசு செலவைக் குறைச்சா வரிப்பணம் மிச்சம்ங்கறது உண்மை. வெட்டிச் செலவு இல்லைன்னும் நான் சொல்லலை. ஆனா மிச்சம் பிடிக்கறதுக்கும் ஒரு பில் உண்டு, அதையும் யாரோ ஒருத்தர் கட்டறாங்க. நியூ லண்டன் பள்ளியும் மிச்சம்தான் பிடிச்சுது. எங்க திட்டத்துல பாதி அளந்த வடிகால் பாதியிலேயே நிக்குது. நான் வளாகத்துச் சாப்பாட்டுக் கூடத்துல தட்டு அடுக்கறேன், வாரம் எட்டு மணி நேரம்.

இது தீதிக்குத் தெரியும். அன்னைக்கு என் முறை வர்றதுக்குள்ள பக்கத்துல வந்து மெதுவா, "சனி ஞாயிறு கல்லாவுல உட்காரேன், கையில காசாத் தர்றேன்"னாங்க. பொய் சொல்லலை மக்களே, ஒரு நிமிஷம் மனசு ஆடுச்சு. அடுத்த மாச வாடகை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ஆனா மாட்டினா விசா போச்சு, படிப்பு போச்சு, அப்பா வாங்கின கடன் மட்டும் அப்படியே நிக்கும். "வேண்டாம் தீதி"ன்னேன். அவங்களும் வற்புறுத்தலை. அவங்களுக்கும் பயம்தான்.

யோசிச்சுப் பாருங்க. கடையில வேலை இருக்கு. செய்யத் தெரிஞ்ச அக்கா இருக்காங்க. கல்லாவுக்கு நான் இருக்கேன். காசோட ஆறு பேர் வரிசையில இருக்காங்க. எல்லாருக்கும் சம்மதம். ஒண்ணும் நடக்கலை.

ஒரு மணி நேரம் ஆகியும் முறை வராம, கொத்தமல்லிக் கட்டோட வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா கதவைத் திறந்தவங்க என் மூஞ்சியைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, காடு அப்படியே இருக்குது? உட்காரு"ன்னு சொல்லி நூலை எடுத்தாங்க. ஏழே நிமிஷம். பர்ஸைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாங்க. "வாங்கக் கூடாதுங்கண்ணு, வேண்டாம்"னாங்க. வாங்க மாட்டேன்னு சொல்லலை, வாங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அந்தக் 'கூடாது' இன்னும் காதுல இருக்கு.

அந்த 12 டாலர் அக்காவுக்கும் போகலை, தீதிக்கும் போகலை, வரியா அரசாங்கத்துக்கும் போகலை. என் பர்ஸ்லயே கிடக்கு.

சிங்கப்பூர், லண்டன், துபாய், டொரண்டோ மக்களே, உங்க ஊர்ல இதே மாதிரி தொட்டி கேக்கற விதி எது, நாத்தம் கலக்கற விதி எது? கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போங்க. கும்மி அடிக்கறவங்களும் வரலாம், ஆனா எங்க அம்மாவும் படிப்பாங்க, பார்த்து!

அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்.

பி.கு: அம்மா, நான் நல்லாச் சாப்பிடறேன். தட்டு அடுக்கறவங்களுக்கு சாப்பாடு இலவசம். :-)